பெயரும் புரட்சியும்: சோவியத் குழந்தைப் பெயர்கள் பற்றிய ஒரு குறிப்பு

குழந்தைகளுக்கு வழக்கில் இல்லாத பெயர்களைச் சூட்டுவதை வெறும் நாகரிக மோகமாகக் கொள்வாருளர். பெயரிடும் உரிமை எவர் கையில் இருந்தது என வினவும்போதோ அது சமூக வரலாற்றுப் பிரச்சினையாகிவிடுகின்றது. ரஷ்யாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஜார் ஆட்சியில் பெரும்பான்மையோரின் பிறப்புக்கள் திருச்சபைப் பதிவேடுகளிலேயே பதியப்பட்டன. பெயரும் புனிதர் நாட்காட்டியிலிருந்தே பெறப்பட்டது. நாட்காட்டி பொதுவெனினும் பெயர்கள் வர்க்கச் சாயல் பெற்றிருந்தன. புஷ்கின் தமது 'எவ்கேனி ஒனேகின்' காவியத் தலைவிக்குத் தத்தியானா எனப் பெயரிட்டபோது, அது பணிப்பெண்களை நினைவூட்டும் பெயரென்பதை அவரே சுட்டவேண்டியிருந்தது.

1917 டிசெம்பரில் சோவியத் அரசு பிறப்புப் பதிவைக் குடியியல் அலுவலகங்களுக்கு மாற்றியது. 1920களில் ஞானஸ்நானத்துக்குப் பதிலாக 'ஒக்தோபர்ச் சடங்கு' தோன்றியது. விளாதிமிர் லெனின் என்பது சுருங்கி விளாத்லென் ஆயிற்று. லெனின் தலைகீழாகி நினேல் ஆயிற்று. கம்யூனிஸ்ட் இளைஞர் அகிலத்தின் முதலெழுத்துக்கள் கிம் ஆயின. மின்சாரமும் உழவு இயந்திரமுங்கூடப் பெயர்களாயின. மரக்கலப்பையும் எழுத்தறிவின்மையும் நிலவிய நாட்டில் இயந்திரம் விடுதலையின் குறியீடாயிருந்ததை மறந்து இவற்றை எள்ளி நகையாடுதல் பொருந்தாது.

ஆயினும் பெரும்பாலான கிராமத்துப் பெற்றோர் இவான், மரியா என்னும் பழைய பெயர்களையே தொடர்ந்து சூட்டினர். உற்பத்தி உறவுகள் மாறிய வேகத்தில் பண்பாடு மாறிவிடுவதில்லை. மேலும், புனிதர் விட்டுச்சென்ற இடத்தில் தலைவர் வழிபாடு புகுந்தது. மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் ஆகியோரின் முதலெழுத்துக்களாலான மெல்ஸ் என்னும் பெயரை, 1956இல் ஸ்டாலின் கண்டிக்கப்பட்டபின் மெல் எனக் குறுக்கிக்கொண்டோரும் உளர்.

புதிய பெயர்கள் பல வழக்கொழிந்தன. பெயரிடும் உரிமை மட்டும் பெற்றோரிடமே நிலைத்தது. புரட்சியின் மெய்யான பேறாக நாம் கருதுவது அதனையே.