மைட்டர் கேஜ்

மேசை ரம்பத்தின் மேற்பரப்பில், வட்டரம்பத் தகட்டுக்கு இணையாக ஓடும் காடியில் நகர்ந்து, மரத்தை வேண்டிய கோணத்தில் குறுக்கே அறுக்க உதவும் துணைக்கருவி மைட்டர் கேஜ் எனப்படும். காடிக்குள் ஓடும் உலோகச் சட்டமும், அதன்மேல் திரும்பும், பாகைகள் குறித்த அரைவட்டத் தலையும் இதன் முதன்மை உறுப்புகள். வாங்குவோர் பெரும்பாலும் பாகைக் கோடுகளின் நுணுக்கத்தையே பார்க்கின்றனர். துல்லியத்தைக் கெடுப்பதோ பல வேளைகளில் சட்டத்துக்கும் காடிக்கும் இடையிலுள்ள ஆட்டமே என்பதால், பரவலாகக் காணப்படும் 3/4 அங்குலக் காடியில் ஆட்டமின்றிப் பொருந்துமாறு சட்டத்தின் அகலத்தைத் திருகுகளால் சரிசெய்யக்கூடிய வகையே தேர்வுக்குரியது. படச்சட்டம் ஒன்றுக்கு 45 பாகையில் 8 வெட்டுகள் தேவைப்படுவதால், ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகக் கால் பாகை பிசகினாலும் கடைசி மூலை 2 பாகை வாய்பிளந்து நிற்கும். 90 பாகையைச் சோதிக்க, விளிம்புகள் இணையான பலகையொன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் புரட்டி, நேரான சட்டத்தோடு அணைத்து வெட்டுமுகங்களைச் சேர்த்தால் தெரியும் இடுக்கின் கோணம் பிழையைப் போல் இருமடங்காகும். 22.5, 45 போன்ற கோணங்களில் தலையைப் பூட்டும் பள்ளங்கள் வசதியானவையே, எனினும் மரத்தூள் அடைந்த பள்ளத்தில் பூட்டுமுனை முழுதும் இறங்காது.