பதனிட்ட வெங்காயம்

ஆம்பூர் பிரியாணி, சாப்பாட்டு இலைக்குத் தனியாக வருவதில்லை. ஒரு பக்கம் கத்திரிக்காய்த் தொக்கு, மறுபக்கம் தயிர் வெங்காயம் என்று இரண்டு துணைகளோடுதான் வரும். இவற்றில் கத்திரிக்காய்க்கு இந்த வட்டாரத்தில் ஊர்ப்பெயரே உண்டு. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வெங்காயத்துக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லை. ஆனால் தேக்சா என்ற பிரியாணிப் பாத்திரத்தில் முதலில் இறங்குவதும், மசாலாவின் உடலாக நிற்பதும், இறைச்சியின் காரத்துக்கு அடியில் மெல்லிய இனிப்பாகத் தங்குவதும் வெங்காயம்தான். விளையாத ஊரில் இந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரம் இனிப்பு வெங்காயத்தை விளைவிக்கவில்லை, செய்துகொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். தோல் தொழிலுக்குப் பேர்போன இந்த ஊர்கள் பச்சைத் தோலை வாங்கி வந்து பதனிடுவதுபோல, காரமான வெங்காயத்தை வாங்கி வந்து இனிப்பாக்கியது.

முதலில் இனிப்பு என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இனிப்பு வெங்காயம் என்று பெயர் பெற்ற வகைகளில் சர்க்கரை கூடுதலாக இருப்பதில்லை, காரம்தான் குறைவு. அந்தக் காரம் கந்தகச் சேர்மங்களால் வருகிறது, கந்தகமோ மண்ணிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டூம்ஸ் கவுண்டியைச் சேர்ந்த மோசஸ் கோல்மன் என்ற உழவர் 1931இல் தம் நிலத்து வெங்காயம் காரமில்லாமல் விளைந்திருப்பதைக் கண்டார். கந்தகம் குறைந்த அந்த மணற்பாங்கு மண்ணின் விளைச்சல் பின்னர் விடாலியா என்று புகழ்பெற்றது. எந்த 20 கவுண்டிகளில் விளைந்தால் அந்தப் பெயரைச் சூட்டலாம் என்று 1986இல் சட்டமே இயற்றினார்கள். ஆனால் காரத்தைக் குறைக்கும் அதே தன்மை ஆயுளையும் குறைக்கிறது. நீர் மிகுந்து, திடப்பொருள் குறைந்த காய் விரைவில் அழுகும். 1990 வாக்கில் ஆக்சிஜனைக் குறைத்துக் குளிரூட்டும் அறைகள் வந்த பிறகுதான் விடாலியாவை மாதக்கணக்கில் வைத்திருக்க முடிந்தது. இனிப்பும் நெடுநாள் இருப்பும் ஒரே காயில் இயல்பாகச் சேர்வதில்லை.

இந்த ஊர்கள் இருக்கும் பாலாற்றங்கரையில் நிலைமை இதற்கு நேர் எதிர். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர்களில் ஒன்று. மண்சாற்றின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்குகிறது. இங்குள்ள தோல் தொழிலோ உப்பில் தொடங்குகிறது. உரித்த தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தடவுகிறார்கள். டேனரிக்கு, அதாவது பதனிடும் ஆலைக்கு, வந்ததும் ஊறவைத்துக் கழுவும் முதல் நீரிலேயே அது கரைந்து வெளியேறுகிறது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்திலும் இந்த உப்பு இருந்தது. அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைத்து முழுமையாக்கிய தோலை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று 1972இல் சீதாராமையா குழு பரிந்துரைத்த பின் குரோம் முறை பரவியது. முடி நீக்கும் சோடியம் சல்பைடு, பதனிடும் குரோமியம் சல்பேட் என்று உப்போடு கந்தகமும் கழிவில் சேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் ஆய்வை எடுத்துக்காட்டி, இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகப் பதிவுசெய்தது. அத்தகைய நிலத்தில் வெங்காயம் பிழைப்பது அரிது. பிழைத்தாலும், சல்பேட் ஏறிய நீரைக் குடித்த காய் காரமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் டேனரிகள்தான் இந்த ஊரின் வெங்காயத்தை அழித்தன என்று முடித்துவிடலாமா? அது அவசர முடிவு. திண்டுக்கல்லிலும் டேனரிகள் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்ததாக அதே தீர்ப்பு சொல்கிறது. இருந்தும் திண்டுக்கல் இன்றுவரை பேர்பெற்ற வெங்காயச் சந்தை. தொழிற்சாலை நிலத்தைக் கெடுக்கலாம், ஆனால் வெங்காய வட்டாரம் உருவாவதையும் உருவாகாமல் போவதையும் அது மட்டும் தீர்மானிப்பதில்லை. தென் மாவட்டங்களில் பெரிய வெங்காயத்தைப் பல்லாரி என்கிறார்கள். பெல்லாரி என்ற கன்னட நாட்டு ஊரின் பெயர் அது. பெரிய வெங்காயம் வெளியிலிருந்து வந்து சேர்ந்த சரக்கு என்பதற்கு அந்தப் பெயரே சான்று. பெரம்பலூரின் கரிசலும் திண்டுக்கல்லின் செம்மண்ணும் சின்ன வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டன. பாலாற்றுப் பக்கமோ வழிப்பாதையின் ஊர்களாக வளர்ந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. மூலப்பொருளை வெளியிலிருந்து வாங்கி, கைத்திறனைச் சேர்த்து விற்பது இந்த ஊர்களின் பிழைப்பானது. வெங்காயமும் அந்தக் கணக்கில் ஒரு மூலப்பொருள்.

வாங்கி வருவதென்றால் ஆண்டு முழுவதும் கிடைக்க வேண்டும். இங்கேதான் காரம் கைகொடுக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகும் நாசிக்கின் ராபி (குளிர்காலப் பருவ) வெங்காயம் மழைக்காலம் முழுக்க நாட்டுக்குப் படியளக்கிறது. அது தீரும் வேளையில் கர்நாடகத்தின் மழைக்கால விளைச்சல் வந்து சேர்கிறது. தாளோடு காயவைத்து, கழுத்தை ஓர் அங்குலம் விட்டு அறுத்து, காற்று ஊடாடும் கொட்டகையில் பரப்பினால் ராபி வெங்காயம் நான்கைந்து மாதம் நிற்கும். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் பட்டறையும் இதே அறிவுதான். தோலுக்கும் வெங்காயத்துக்கும் பகை ஈரமே. தோலின் ஈரத்தை உப்பு உறிஞ்சுகிறது, வெங்காயத்தின் புறத்தோலைக் காற்று உலர்த்துகிறது. முளைப்பையும் அழுகலையும் இந்த முறை முற்றிலும் தடுத்துவிடாது. நாசிக் பக்கத்து லாசல்காவில் 2002இல் கதிர்வீச்சு நிலையம் அமைத்தது முளைப்பைத் தடுக்கத்தான். ஆனாலும் மின்சாரமில்லாத ஒரு கொட்டகையில் மாதக்கணக்கில் தாங்கும் வல்லமை விடாலியாவுக்கு இல்லை. காரமான காய்க்கு உண்டு.

அந்தக் காரத்தைக் கழற்றும் வேலை அடுப்படிக்கு வருகிறது. மெல்லிசாக அரிந்த வெங்காயம் எண்ணெயில் வதங்கும்போது கந்தகச் சேர்மங்கள் ஆவியாகியும் சிதைந்தும் போகின்றன. நூற்றுக்கு 85 பங்குக்கு மேலிருக்கும் நீர் வற்ற வற்ற, ஒளிந்திருந்த சர்க்கரை நாக்குக்குத் தட்டுப்படுகிறது. பொன்னிறமாகும்போது புது மணமும் சேர்கிறது. இருப்பு வெங்காயத்தில் நீர் குறைவு, திடப்பொருள் அதிகம் என்பதால் இந்த வேலைக்கு விடாலியாவைவிட அதுவே ஏற்றது. தயிர் வெங்காயத்தின் வழி வேறு. அரிந்ததைச் சிட்டிகை உப்பிட்டுப் பிசிறி, நீர்விட்டு அலசிப் பிழிந்தால் காரம் நீரோடு போகும். மிச்சத்தைத் தயிர் அடக்கும். வயலில் வெங்காயத்தைக் கொல்லும் அதே உப்பு, சமையலறையில் அதைப் பக்குவப்படுத்துகிறது. அளவும் இடமும்தான் வேறுபாடு.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு விலை. கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் மூலப்பொருள் தொலைவிலிருந்து வருகிறவரை ஊர் அதன் விலைக்கு அடிமை. 2019இல் மழை கெடுத்த விளைச்சலால் மத்திய அரசு செப்டம்பரில் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அப்படியும் டிசம்பரில் தமிழக நகரங்களில் கிலோ விலை 100 ரூபாயைத் தாண்டியது. இந்த மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அப்போது உணவகங்கள் எதைக் குறைத்தன என்று பார்த்தால், தயிர் வெங்காயப் பச்சடியில்தான் கை வைத்தன. முட்டைக்கோஸும் வெள்ளரியும் அங்கே நுழைந்தன. வதக்கும் வெங்காயத்துக்கு அப்படி ஒரு பதிலி கிடையாது. பச்சையாகக் கடிக்கும் இனிப்பு அலங்காரம், சமைத்து வரவழைக்கும் இனிப்பே அடித்தளம் என்பதை அந்த நெருக்கடி காட்டியது. தீராத கணக்கு நிலத்தினுடையது. 1996 தீர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசுக்கு இழப்பீடு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. தோலையும் வெங்காயத்தையும் வாங்கி வந்து பதனிட்ட ஊர்களால் மண்ணை வெளியிலிருந்து வாங்கி வர முடியாது.