ஹாதோர்னை வலையேற்றிய தந்தை

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் பயிலும் மாணவர்கள் எளிதில் தப்பிக்க முடியாத நூல்கள் சில உண்டு. நத்தேனியல் ஹாதோர்ன் 1850-இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' அவற்றுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டு பாஸ்டனின் இறுகிய சமயச் சமூகம், மார்பில் சிவப்பு 'ஏ' எழுத்தைத் தைத்துக்கொண்டு வாழுமாறு தண்டிக்கப்பட்ட ஹெஸ்டர் பிரின், அவள் மகள் பேர்ல் ஆகியோரைச் சுற்றி நகரும் கதை. ஆனால் கதைக்குள் நுழையும் முன்பே சுங்க அலுவலகம் ஒன்றைப் பற்றிய நெடிய முன்னுரை வாசலில் நந்திபோல் மறித்து நிற்கிறது. வாக்கியங்களோ பத்தி அளவுக்கு நீள்பவை. பதினாறு வயதுப் பிள்ளை அதைத் தாண்டுவதற்குள் களைத்துப்போய், நம் பிள்ளைகள் கோனார் உரையைத் தேடுவதுபோலத் துணைநூலைத் தேடத் தொடங்கிவிடும்.

அங்கும் அத்தகைய துணைநூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் கிளிஃப்டன் ஹில்லெகாஸ் என்பவர் 1958-இல், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பதினாறுக்குச் சுருக்கமும் விளக்கமும் கொண்ட சிறு நூல்களோடு 'கிளிஃப்ஸ்நோட்ஸ்' வரிசையைத் தொடங்கினார். மஞ்சளும் கறுப்புமான அட்டை. ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள், மாணவர்கள் பைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். மூலத்தைப் படிக்காமலே தேர்வெழுதும் கலை அன்று தோன்றியதன்று என்றாலும், அதற்கு ஒரு நிறுவன வடிவம் அப்போது கிடைத்தது.

இந்தப் பின்னணியில்தான் எரிக் எல்ட்ரெட் என்ற மனிதரின் கதை முக்கியத்துவம் பெறுகிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாழ்ந்துவந்த இவர், ஓய்வுபெற்ற கணினி நிரலாளர். இலக்கியப் பேராசிரியரும் அல்லர், பதிப்பாளரும் அல்லர். தம் மகள்களுக்கு ஹாதோர்ன் பிடிக்கவில்லையே என்ற ஆதங்கத்தில், 1995-இல் அந்நாவலைத் தாமே வலையேற்ற முடிவு செய்தார். வெறும் மூலத்தை மட்டும் இட்டால் போதாது. அருஞ்சொல்லுக்கு விளக்கம், இடங்களுக்குப் படம், தொடர்புடைய பிற எழுத்துகளுக்கு இணைப்பு எனச் சேர்த்தால் பழைய நூல் உயிர்பெறும் என்று கருதினார். பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் முனகிக்கொண்டு இணைப்பைத் தேடிய காலம் அது. வைய விரிவு வலை என்ற சொல்லே பலர் காதுக்கும் புதிது.

மகள்களிடம் அம்முயற்சி எடுபடவில்லை. இதை எழுதி வைத்திருப்பவர் பின்னாளில் எல்ட்ரெட்டின் வழக்கறிஞராக வந்த லாரன்ஸ் லெஸிக். ஆனால் ஊர் பேர் தெரியாத பிற மாணவர்களும் ஆசிரியர்களும் அப்பக்கத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். எல்ட்ரெட் அதை 'எல்ட்ரிச் பிரஸ்' என்ற பெயரில் ஓர் இணைய நூலகமாக வளர்த்தார். உரிமைக்காலம் முடிந்த பிற நூல்களும் அதில் சேர்ந்தன. கட்டணம் கிடையாது; விளம்பரமும் இல்லை.

நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருவது அவர் கண்டுபிடித்ததன்று. 1971 ஜூலை 4 அன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பெருங்கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சிட்ட மைக்கேல் ஹார்ட், அதற்கு முன்பே 'கூட்டன்பர்க் திட்ட'த்தைத் தொடங்கிவிட்டார். ஹார்ட்டின் கொள்கை எளிமையானது: எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வெற்றெழுத்தாக, அலங்காரம் ஏதுமின்றி, இயன்றவரை அதிக நூல்கள். எல்ட்ரெட்டின் நோக்கு வேறு. அவர் ஒரு நூலை எடுத்துக்கொண்டு அதற்கு உரைகாரராக உட்கார்ந்தார். மூலமும் உரையும் ஒரே ஏட்டில் இருக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிய மரபு. பரிமேலழகரைத் திறந்தால் குறளும் உடன் வரும். உரையை மட்டும் தனியே விற்ற மஞ்சள் அட்டை வணிகத்துக்கு, தெரிந்தோ தெரியாமலோ, எல்ட்ரெட் ஒரு மாற்றை முன்வைத்தார் என்றே நான் கருதுகிறேன். வரலாற்றில் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் இதுவன்று என்பது என் வருத்தம்.

பெயர் நிலைத்ததற்குக் காரணம் ராபர்ட் ஃப்ராஸ்ட். எல்ட்ரெட் வாழ்ந்த மாநிலத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'நியூ ஹாம்ப்ஷயர்' என்னும் அவருடைய கவிதைத் தொகுப்பு 1923-இல் வெளியாகி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. பனி பொழியும் மாலையில் காட்டருகே ஒருவன் குதிரையை நிறுத்தி நிற்கும் புகழ்பெற்ற கவிதை இத்தொகுப்பில்தான் உள்ளது. அதன் இறுதி வரிகளை நேரு தம் கடைசிக் காலத்தில் கைப்பட எழுதி அருகில் வைத்திருந்தார் என்பதை நம் வாசகர் பலர் அறிவர். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 1923-இல் வெளிவந்த நூலுக்குப் பதிப்புரிமை 75 ஆண்டுகள். ஆகவே 1998 முடிந்ததும் அத்தொகுப்பு பொதுச்சொத்தாகும். அதைத் தம் தளத்தில் ஏற்றலாம் என எல்ட்ரெட் திட்டமிட்டுக் காத்திருந்தார்.

1998 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் பதிப்புரிமைக் காலத்தை 20 ஆண்டுகள் நீட்டித்தது. பாடகராயிருந்து உறுப்பினரானவரும், அவ்வாண்டு ஜனவரியில் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தவருமான ஸானி போனோவின் பெயர் அச்சட்டத்துக்கு இடப்பட்டது. மக்கள் வேறொரு பெயரும் வைத்தார்கள்: மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம். 1928-இல் தோன்றிய அந்த எலியின் முதல் படங்கள் உரிமை இழக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததும், வால்ட் டிஸ்னி நிறுவனம் நீட்டிப்புக்காக முனைந்து உழைத்ததும் இக்கேலிக்குக் காரணங்கள். 1923-ஆம் ஆண்டு நூல்கள் மட்டுமன்றி, அதற்குப் பிந்தியவையும் ஒட்டுமொத்தமாக இருபது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. காசு வாங்காமல் வலையேற்றினாலும் சிறைத்தண்டனை வரலாம் என்ற இன்னொரு சட்டம் 1997-இலேயே வந்திருந்தது. ஓய்வுக் காலத்தில் மகள்களுக்காகத் தொடங்கிய வேலை ஒரு மனிதரைக் குற்றவாளிக் கூண்டின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திய விந்தை இது.

எல்ட்ரெட் 1999 ஜனவரியில் வழக்குத் தொடுத்தார். இசைக்குறிப்புத் தாள்கள் விற்போர், பழைய திரைப்படங்களைப் பாதுகாப்போர், பழம் நூல்களை மறுபதிப்பிடுவோர் எனப் பலரும் உடன் சேர்ந்தனர். அமெரிக்க அரசியலமைப்பு, ஆசிரியர்களுக்கு 'வரையறுத்த காலங்களுக்கு' உரிமை வழங்கவே நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1790-ஆம் ஆண்டின் முதல் சட்டத்தில் அக்காலம் 14 ஆண்டுகள். விரும்பினால் இன்னுமொரு 14. முடியப்போகும் ஒவ்வொரு முறையும் நீட்டிக்கலாம் என்றால் 'வரையறை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதே லெஸிக்கின் வாதம். கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் ஏற்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபர் 9 அன்று வாதங்களைக் கேட்டது. அதற்கு முன்பான நாட்களில் நடந்த ஒரு பயணம் எனக்கு அவ்வழக்கை விடவும் சுவையானது. இணைய ஆவணகத்தை 1996-இல் நிறுவிய புரூஸ்டர் கேல், ஒரு வேனின் மேல் செயற்கைக்கோள் அலைவாங்கியைப் பொருத்தி, உள்ளே அச்சுப்பொறியும் பைண்டிங் கருவியும் வைத்துக்கொண்டு, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை ஓட்டிச்சென்றார். வழியில் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நிறுத்தினார். பொதுச்சொத்தான நூல் ஒன்றைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தால், அது வானிலிருந்து இறங்கி, அச்சாகி, தைக்கப்பட்டுக் கையில் வரும். ஒரு நூலுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒரு டாலர். வாதம் நடந்த நாளில் அந்த வேன் நீதிமன்றத்துக்கு வெளியே நின்றது. உரிமைக்காலம் முடிந்தால் பள்ளி மாணவனுக்கு என்ன கிடைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மனுவும் சொல்லிவிட முடியாது.

தீர்ப்பு 2003 ஜனவரி 15 அன்று வந்தது. 7-க்கு 2 என்ற கணக்கில் எல்ட்ரெட் தோற்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். நீட்டிக்கப்பட்டாலும் காலம் வரையறுக்கப்பட்டதே; ஐரோப்பாவில் 1993 முதல் நிலவும் காலத்தோடு ஒத்துப்போவது நியாயமான நோக்கமே; சட்டத்தின் அறிவுடைமையை எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலையன்று என்பன அவர் சொன்ன காரணங்கள். இவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாதுதான். மறுப்புத் தீர்ப்பு எழுதிய இருவருள் ஒருவரான ஸ்டீபன் பிரேயர் வேறொரு கணக்கைக் காட்டினார்: 55 முதல் 75 ஆண்டுகள் வரை பழமையான படைப்புகளில் வணிக மதிப்புள்ளவை ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. அந்தச் சிலவற்றின் வருவாயைக் காக்க, யாரும் விற்காத, அச்சிடாத மீதி முழுவதும் பூட்டப்படுகிறது. 2004-இல் வெளியான 'ஃப்ரீ கல்ச்சர்' என்ற நூலில் லெஸிக் இத்தோல்விக்குத் தம்மையே நொந்துகொள்கிறார். கொள்கையை மட்டும் வாதிட்டேன், உண்மையில் விளையும் தீங்கை நீதிபதிகளின் மனத்தில் பதியவைக்கவில்லை என்கிறார். அந்நூலையும் இணையத்தில் இலவசமாகவே தந்தார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு வழியும் திறந்தது. லெஸிக், எல்ட்ரெட் முதலியோர் 2001-இல் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' அமைப்பை நிறுவினர். சட்டம் விடுவிக்காவிட்டால் ஆசிரியரே தம் எழுத்தை விடுவிக்கலாம் என்பது அதன் சாரம். இன்று ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளைத் தங்களுக்குள் தடையின்றிப் பகிர்ந்துகொள்வதற்கு அந்த உரிமங்கள் பெரிதும் துணையாகின்றன.

இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த சில இளைஞர்கள் 1999-இல் தொடங்கிய 'ஸ்பார்க்நோட்ஸ்' தளம், மஞ்சள் அட்டையின் இடத்தைத் திரையில் பிடித்தது. 2001-இல் பெரும் புத்தக நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் அதை வாங்கியது. புதிதாக எழுதப்படும் சுருக்கத்துக்கும் விளக்கத்துக்கும் பழைய பதிப்புரிமை தடையன்று. எனவே பள்ளிப் பாடமாயுள்ள இருபதாம் நூற்றாண்டு நாவலுக்கு இணையத்தில் உரை இலவசமாகக் கிடைத்தது, மூலம் கிடைக்கவில்லை. மூலத்தைப் படிப்பதில்லை என்று மாணவர்களைக் கடிந்துகொள்ளும் நம்மவர்கள் இந்த ஏற்பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏழை மாணவனுக்கு எது கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்பட்டிருந்ததோ அதைத்தான் அவன் எடுத்துக்கொண்டான்.

2019 ஜனவரி 1 அன்று, இருபதாண்டு இடைவெளிக்குப் பின், 1923-ஆம் ஆண்டின் நூல்கள் அமெரிக்காவில் விடுதலை பெற்றன. ஃப்ராஸ்டின் தொகுப்பும் அவற்றில் இருந்தது. எல்ட்ரெட் காத்திருந்த நாளுக்கும் அதற்கும் இடையே ஒரு தலைமுறை பள்ளியில் சேர்ந்து, படித்து, வெளியேறிவிட்டது. ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' 2021-இல் வந்தது. இப்போதுள்ள சட்டம் மாறாதிருந்தால், ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' 2033-இலும், ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 2056-இலும் வரும். இரண்டுக்குமான உரைகள் இணையத்தில் இன்றே உள்ளன.