கேள்விக்கும் பாஸ்போர்ட் வேண்டும்!

ஆசிரியர் பயிற்சி மாணவி ஒருவரிடம், 'அறிவியல் பற்றி உங்கள் நம்பிக்கை என்ன?' என்று கேட்டால், அவர் என்ன புரிந்துகொள்வார்? அறிவியல் என்றால் என்னவென்று அவர் நினைக்கிறார் என்பதையா? அறிவியல் மேல் அவருக்கு நம்பிக்கை உண்டா என்பதையா? இல்லை, 'என்னால் அறிவியல் பாடம் நடத்த முடியும்' என்ற தைரியம் உண்டா என்பதையா? தமிழில் மூன்றுக்குமே 'நம்பிக்கை' என்ற ஒரே சொல் வந்து நிற்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகள்!

'சொல்லை மாற்றிப் போட்டால் போச்சு, இதில் என்ன வரலாறு?' என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. அதில் ரத்தமும் கண்ணீரும்கூட உண்டு.

1917. முதல் உலகப்போரில் குதிக்கிறது அமெரிக்கா. ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளர் தலைமையில் ராணுவத்துக்கு ஆள் தேற 'அறிவுத்திறன் பரீட்சை' தயாராகிறது. ஏறக்குறைய 17 லட்சம் பேர் எழுதினார்கள். கேள்விகள் எப்படி? கிறிஸ்டி மேத்யூசன் என்பவர் யார்... எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் வீரரா, நகைச்சுவை நடிகரா? பேஸ்பால் வீரர்தான். நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது அல்வா! நேற்று கப்பலில் வந்து இறங்கிய இத்தாலிய விவசாயிக்கு?

ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனியாகப் படப் பரீட்சை வைத்தார்கள். டென்னிஸ் மைதானம் ஒன்று, நடுவில் வலை இல்லை. எது குறைகிறது என்று வரைந்து காட்ட வேண்டும். டென்னிஸையே பார்த்திராதவன் எதை வரைவான்? மொழியை எடுத்துவிட்டார்கள், ஊரை எடுக்க மறந்துவிட்டார்கள்!

1923-ல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த கார்ல் பிரிகாம் இந்த மதிப்பெண்களை வைத்து ஒரு புத்தகமே போட்டார். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு அறிவு மட்டு என்றார். அடுத்த ஆண்டே, 1924-ல், அந்த நாட்டவர்களின் வருகையைச் சுருக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. அந்தப் புத்தகத்தால்தான் சட்டம் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுப்புக்கு அது நல்ல காய்ந்த விறகு!

கிளைமாக்ஸ் 1930-ல். அதே பிரிகாம், ஒரு மொழியைக் கற்கச் சமமான வாய்ப்பு இல்லாதவர்களை அந்த மொழிப் பரீட்சையால் ஒப்பிடவே கூடாது, தன் பழைய முடிவுகளுக்கு அஸ்திவாரமே இல்லை என்று பகிரங்கமாக எழுதினார். பெரிய மனசுதான். ஆனால் சட்டம் அவரோடு சேர்ந்து மனம் மாறவில்லையே!

இதற்குப் பிறகுதான், கேள்வித்தாளை எல்லை தாண்டி எடுத்துப்போவது தனிக்கலை என்று மெள்ள மெள்ளப் புரிய ஆரம்பித்தது.

1970. பசிபிக் கடலில் குவாம் தீவு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில், 10 மொழிகளைச் சேர்ந்த, இரு மொழி தெரிந்த 94 பேரை வைத்து ரிச்சர்ட் பிரிஸ்லின் ஓர் ஆராய்ச்சி செய்தார். ஆங்கிலக் கட்டுரையை ஒருவர் தன் மொழிக்கு மாற்ற வேண்டும். ஒரிஜினலைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எங்கே உதைக்கிறது என்று பளிச்செனத் தெரிந்துவிடும். பிற்பாடு விதிகளும் வகுத்தார்கள். வாக்கியம் 16 சொற்களுக்குள் இருக்கட்டும், 'அவர்', 'அது' என்று மழுப்பாமல் பெயரையே திரும்பச் சொல்லுங்கள், உவமை வேண்டாம்...

வியட்நாம் விமானப்படை மெக்கானிக்குகளிடமும் சோதனை நடந்தது. ஹெலிகாப்டர் பராமரிப்புக் குறிப்பை வியட்நாமிய மொழியில் கொடுத்து வேலை வாங்கினார்கள். நல்ல மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள் வேலையை ஒழுங்காக முடித்தார்கள். மோசமானதைப் படித்தவர்கள் தப்பு செய்தார்கள். 1973-ல் முடிவு வெளியானது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பார்த்த முகமாகத் தெரியும். 'ட்ரயல் பேலன்ஸ்'தான்! ஆனால், இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை, இல்லையா? ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருக்கலாம். நம் 'நம்பிக்கை'யும் அப்படித்தான். முதல் ஆள் அந்தச் சொல்லைப் போடுவார். இரண்டாம் ஆள், 'இந்த இடத்தில் இதுதான்' என்று ஊகித்துச் சரியான ஆங்கிலச் சொல்லுக்கே திரும்பிவிடுவார். பேப்பரில் டேலி! நிரப்பப்போகும் மாணவி மட்டும் வேறு எதையோ நினைத்து டிக் அடிப்பார்.

இப்போது ஆசிரியர்களிடம் வருவோம். பள்ளி ஆசிரியரின் தன்னம்பிக்கையை அளக்கும் வேலை 1976-ல், லாஸ் ஏஞ்சலீஸ் பள்ளிகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தின் வெறும் இரண்டே கேள்விகளில் ஆரம்பித்தது. 1990-ல் லாரி ஈனாக்ஸும் ஐரிஸ் ரிக்ஸும் அறிவியல் பாடத்துக்கென்றே, பயிற்சி ஆசிரியர்களுக்காக 23 வாக்கியங்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார்கள். 13 வாக்கியங்கள் 'என்னால் முடியுமா?' என்று பார்க்கும். மற்ற 10, 'ஆசிரியர் முயன்றால் பிள்ளைகள் தேறுவார்களா?' என்று பார்க்கும். இன்னும் வகுப்பறைக்குள் நுழையாதவர்கள் என்பதால், வாக்கியங்களை எதிர்காலத்தில் அமைத்தார்கள். ஏன் இத்தனை பாடு? அறிவியல் என்றாலே உதறல் எடுக்கும் ஆசிரியர், அந்தப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு நகர்ந்துவிடுவார். நஷ்டம் யாருக்கு? முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு!

பட்டியல் பல நாடுகளுக்குப் பயணப்பட்டது. துருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் கட்டாயக் கல்வி எட்டு ஆண்டுகளாக நீண்டு, ஆசிரியர் பயிற்சியும் தலைகீழாக மாறிய பிறகு அங்கே இந்தப் பட்டியலுக்கு வேலை வந்தது. துருக்கி மொழியில் அறிவியலுக்கு 'பிலிம்' (சினிமா பிலிம் அல்ல!) என்றொரு சொல். பள்ளிப் பாடத்துக்கு 'ஃபென்' என்று வேறு சொல். பட்டியல் கேட்பது பாடத்தைப் பற்றி, ஆகவே 'ஃபென்' நுழைந்தது. தமிழிலும் இந்த வம்பு உண்டு. நமக்கு 'அறிவியல்', இலங்கைப் பள்ளிகளில் 'விஞ்ஞானம்'!

அடுத்த சிக்கல் எதிர்மறை வாக்கியங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே வரிசையில் டிக் அடிப்பவர்களைப் பிடிக்க, வேண்டுமென்றே வைப்பது. 'என்னால் சோதனை செய்துகாட்ட முடியாது' என்ற மாதிரி வாக்கியத்துக்கு, 'இல்லை, ஒப்புக்கொள்ளவில்லை' என்று சொன்னால்தான் தைரியசாலி! மொழி மாறும்போது இந்த இரட்டை 'இல்லை'யில் தடுக்கி விழுவது ரொம்ப சுலபம். அதனால்தான் மொழிபெயர்த்ததோடு விடாமல், நூற்றுக்கணக்கான மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, மற்றவற்றோடு ஒட்டாத வாக்கியத்தைத் திருத்துகிறார்கள். சில சமயம் வெட்டியே விடுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரிஜினலும் முழு யோக்கியம் இல்லை! 2004-ல் ராபர்ட் பிளெய்ச்சர் ஆங்கிலப் பட்டியலையே மறுபடி சோதித்தார். இரண்டு வாக்கியங்கள் உதைத்தன. காரணம், 'சில மாணவர்கள்' என்பதில் இருந்த 'சில'! அந்தக் குட்டிச் சொல்லை எடுக்க 14 வருடம் ஆனது.

ஆக, 'இந்த நாட்டு ஆசிரியர்களின் தன்னம்பிக்கை அந்த நாட்டைவிடக் குறைவு' என்று நாளை ஏதாவது செய்தி கண்ணில் பட்டால், உடனே உச்சுக் கொட்டாதீர்கள். அந்தக் கேள்வி எந்த மொழியில் பிறந்தது, யார் அதை மாற்றினார்கள், மாற்றியதை யாரிடம் கொடுத்துப் பார்த்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். 1923-ல் யாராவது இதை உரக்கக் கேட்டிருந்தால், அந்த இத்தாலிய விவசாயிக்கு முட்டாள் பட்டம் கிடைத்திருக்காது!