பழ ஈயிலிருந்து தோல்நோய் வரை: சூட்டுப் புரதத்தின் கதை

என் முழங்கையில் சொரியாசிஸ் (நம்மூரில் காளாஞ்சகப்படை என்பார்கள்) இருக்கிறது. நாலு வருஷமாகிறது. பரீட்சை நேரத்தில் கூடும், லீவில் குறையும். "எல்லாம் ஸ்ட்ரெஸ்" என்று டாக்டர் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, செல்லுக்கும் ஸ்ட்ரெஸ் உண்டாம்! அதற்கென்று தனிப் புரதங்களே உண்டாம்.

1960களின் தொடக்கம், இத்தாலி. ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற இளைஞர் பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள பெரிய குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார. ஆய்வகத்தில் யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுபடி பார்த்தால், குரோமோசோமில் இதுவரை இல்லாத இடங்களில் புடைப்புகள். புடைப்பு என்றால் அங்கே மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். டைநைட்ரோபீனால் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தாலும் அதே புடைப்புகள் வந்தன. அதாவது சூடு மட்டும் காரணமில்லை, செல்லுக்கு வந்த நெருக்கடிதான் காரணம். ஒரு பெயர்பெற்ற இதழ் இதில் உயிரியலுக்குப் பயனில்லை என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1962ல் 'எக்ஸ்பீரியன்ஷியா' வெளியிட்டது. அந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் 1974ல்தான் பிடிபட்டன. நெருக்கடியில் உருக்குலையும் மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிப்பதே இவற்றின் வேலை.

தோலுக்கு எப்படி வந்தது? தொழுநோய் வழியாக!

தொழுநோய் விசித்திரமானது. கிருமி ஒன்றுதான், 1873ல் ஹான்சன் கண்டது. ஆனால் சிலருக்கு எதிர்ப்புச் சக்தி பலமாக இருந்து, உணர்வற்ற ஒன்றிரண்டு படைகளோடு நின்றுவிடும். வேறு சிலருக்கோ இந்தக் கிருமிக்கு எதிரான செல்வழி எதிர்ப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. தோல் முழுக்கக் கிருமி மண்டிவிடும். இந்தக் கிருமியிலும் காசநோய்க் கிருமியிலும் நம் உடல் எதை அடையாளம் காண்கிறது என்று தேடியவர்களுக்கு 1988ல் கிடைத்த விடை, சூட்டுப் புரதங்கள். இதில் ஒரு சிக்கல். பாக்டீரியாவின் 60 வகைப் புரதமும் நம்முடையதும் பாதிக்குப் பாதி ஒன்றே. திருடனும் வீட்டுக்காரரும் ஒரே சட்டை போட்டமாதிரி! அப்படியானால் கிருமியை அடிக்கப் போன செல்கள் நம் தோலையே அடிக்குமோ? சொரியாசிஸுக்கும் இந்தச் சந்தேகத்தை நீட்டினார்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தபின் சிலருக்குச் சொரியாசிஸ் வெடிப்பது பழைய அனுபவம்.

ஆனால் எலிகளில் அதே 1988ல் நேர்மாறாக ஒன்று தெரிந்தது. காசநோய்க் கிருமியால் வரவழைக்கும் மூட்டுவாதத்தில் தாக்கும் செல்கள் இந்தப் புரதத்தைத்தான் குறிவைத்தன. அதையே முன்கூட்டி ஊசியாகப் போட்டால் எலிகள் தப்பித்தன. ஒரே புரதம் தூண்டுகோலும் ஆனது, கடிவாளமும் ஆனது. எச்.ஐ.வி. நோயாளிகளின் கதையும் இதைப் போன்றதுதான். சிடி4 செல்கள் குறைகின்றன, சொரியாசிஸோ குறையாமல் மோசமாகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அழற்சியும் அடங்கும் என்ற எளிய கணக்கு இங்கே உதவாது.

2000 வாக்கில் இன்னொரு பரபரப்பு. செல்லுக்கு வெளியே கசியும் 70 வகைப் புரதமே எதிர்ப்புச் செல்களை உசுப்பும் 'அபாயச் சங்கு' என்றார்கள். 2003ல் வெளிவந்த ஒரு ஆய்வு அதன் காற்றைப் பிடுங்கியது. சோதனைக்கான புரதத்தை ஈ.கோலி பாக்டீரியாவில் தயாரித்திருந்தார்கள். அதில் ஒட்டியிருந்த எண்டோடாக்சின் என்ற நச்சுதான் செல்களை உசுப்பியதாம். அதைச் சுத்தமாக நீக்கியதும் புரதம் கப்சிப்! முதலில் சூட்டைத் திருகிய கை, பிறகு கழுவாத புரதம்... இந்தத் துறைக்கு ஆய்வகக் கோளாறுகளோடு ஏதோ பூர்வஜென்ம பந்தம் :-)

ரிட்டோசா 2014ல் காலமானார். சொரியாசிஸ் படைகளில் இந்தப் புரதங்கள் கூடுதலாக இருப்பதைப் பலர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவை நோயை மூட்டுகின்றனவா, எரியும் தோலைக் காக்க ஓடி வந்தவையா என்பதில்தான் வழக்கு இன்னும் நடக்கிறது.