சேதி

அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயிலின் ஸ்தலக்கதைப்படி ராமன் பட்டாபிஷேகம் செய்துகொண்டது இங்கேதான். எனக்கு அதற்கு முந்திய கணம்தான் முக்கியம்: கம்பனில், தீயில் விழப்போன பரதனை அனுமன் கொண்டுவந்த சேதி காப்பாற்றுகிறது.

1623இல், பிராமணக் கிறிஸ்தவர்களின் பூணூலுக்கும் குடுமிக்கும் போப் 15-ஆம் கிரகோரி அனுமதி தந்த அதே வருஷம், ராபர்ட் தெ நொபிலி மதுரையை விட்டு சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். விசுவாசம் காதால் கேட்பதில் பிறக்கிறது என்பது, ரோமருக்கு எழுதிய நிருபத்தில், பவுலின் கட்சி. ஆகவே நொபிலியின் காவி வேண்டுமானால் வேஷமாக இருக்கலாம், தமிழ் அப்படியல்ல. அவருக்கு அது மீட்பின் வழி. கோயில், பூசை, குரு என்று நம் சொற்களிலேயே பேசினார்.

ஆனால் பரதனுக்குச் சேதியின் பின்னாலேயே ராமன் வந்துவிட்டான். நொபிலியைக் கேட்டவனுக்குச் சேதி மட்டும்தான். அதை நம்பி அவன் ஞானஸ்நானம் பெற்றான்.