வெண்ணெய்க்குப் பதில் என்ன? - மஞ்சள் நிறத்துக்காக நடந்த எண்பது வருட சண்டை

பால் சேர்க்காத கேக் செய்ய வேண்டும், அல்லது பால் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருக்கிறார். கடைக்குப் போனால் வெண்ணெய் போலவே மஞ்சளாக, வெண்ணெய் போலவே கட்டியாக சில பொட்டலங்கள் இருக்கின்றன. எல்லாம் தாவர எண்ணெயில் செய்தவை. எதை எடுப்பது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் 150 வருட வரலாறு இருக்கிறது. வரி, வழக்கு, தடை, கடத்தல் எல்லாம் இதில் உண்டு. அந்தப் பொட்டலம் மஞ்சளாக இருக்கலாமா கூடாதா என்பதற்காக அமெரிக்கப் பாராளுமன்றமே பல முறை கூடி விவாதித்தது என்றால் நம்ப முடிகிறதா?

பிரான்சில் பிறந்த "முத்து"

1860களில் பிரான்சில் வெண்ணெய் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. கப்பற்படைக்கும் ஏழை மக்களுக்கும் மலிவான, சீக்கிரம் கெடாத ஒரு மாற்று வேண்டும் என்று மன்னர் மூன்றாம் நெப்போலியன் பரிசு அறிவித்தார். இப்போலித் மெஜ்-மூரியே என்ற வேதியியலாளர் 1869ல் அதைச் செய்து காட்டி காப்புரிமை வாங்கினார். முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர்தான் மார்ஜரின்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த முதல் மார்ஜரின் தாவரப் பொருளே இல்லை. மாட்டுக்கொழுப்பை உருக்கி, அதில் பால் சேர்த்துக் கடைந்தது அது. இன்று சைவக்காரர்கள் தேடி வாங்கும் பொருளின் மூதாதை, இறைச்சிக் கூடத்தில் மிஞ்சிய கொழுப்பு!

1871ல் இந்தச் செய்முறை ஹாலந்தில் வெண்ணெய் வியாபாரம் செய்த யூர்கன்ஸ் நிறுவனத்திடம் போனது. அந்த நிறுவனம் பின்னாளில் வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1929ல் இங்கிலாந்தின் லீவர் பிரதர்ஸுடன் சேர்ந்தது. அப்படி உருவானதுதான் யூனிலீவர்.

இரண்டு சென்ட் வரி

அமெரிக்காவில் மார்ஜரின் வேகமாகப் பரவியது. பால் பண்ணைக்காரர்கள் பயந்தார்கள். அவர்கள் பயத்தில் நியாயமும் இருந்தது. பல கடைக்காரர்கள் மார்ஜரினை வெண்ணெய் என்று சொல்லியே விற்றார்கள். வெண்ணெய் விலை கொடுத்தவன் கையில் மாட்டுக்கொழுப்பு போனது.

1886ல் சட்டம் வந்தது. மார்ஜரினுக்கு பவுண்டுக்கு 2 சென்ட் வரி. தயாரிப்பவர் வருடத்துக்கு 600 டாலர், மொத்த வியாபாரி 480 டாலர், சில்லறை வியாபாரி 48 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். வருடம் 48 டாலர் அந்தக் காலத்துச் சிறிய மளிகைக் கடைக்கு பெரிய தொகை. பலர் விற்பதையே விட்டுவிட்டார்கள். அதே 1886ல் கனடா ஒரேயடியாகத் தடை செய்தது. முதல் உலகப்போர் காலத்தில் 1917 முதல் 1923 வரை மட்டும் தளர்த்தி, மறுபடி தடை போட்டது. அந்தத் தடை 1948 வரை நீடித்தது.

ஏமாற்று வேலையைத் தடுக்க பெயரைத் தெளிவாக எழுது என்று சொன்னால் போதாதா? பால் பண்ணைக்காரர்களுக்குப் போதவில்லை. அவர்கள் நிறத்தைப் பிடித்தார்கள். மார்ஜரின் இயல்பில் வெளுப்பு. மஞ்சள் சாயம் சேர்த்தால்தான் மக்கள் வாங்குவார்கள். அதனால் 1902ல் சட்டம் மாறியது. சாயம் சேர்த்த மார்ஜரினுக்கு பவுண்டுக்கு 10 சென்ட் வரி, சேர்க்காததற்கு வெறும் கால் சென்ட். அதாவது நிறத்துக்கு மட்டும் நாற்பது மடங்கு வரி!

இதைவிட மோசமாக, சில மாநிலங்கள் மார்ஜரினுக்கு இளஞ்சிவப்பு சாயம் பூச வேண்டும் என்றே சட்டம் போட்டன. ரோஸ் நிற வெண்ணெயை யார் ரொட்டியில் தடவுவார்கள்? 1898ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் அப்படிப்பட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 10 சென்ட் வரியை ஒரு சில்லறை வியாபாரி எதிர்த்து வாதாடிய வழக்கில், 1904ல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. அந்த வழக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் விற்ற மார்ஜரினுக்கு மஞ்சள் நிறம் வந்ததே, அதில் கலந்திருந்த வெண்ணெயில் பால் பண்ணைக்காரர்கள் சேர்த்திருந்த சாயத்தால்தான்!

ஆம், வெண்ணெய்க்கும் சாயம் உண்டு. பசும்புல் மேய்கிற காலத்தில் வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் வைக்கோல் தின்னும் மாட்டின் வெண்ணெய் வெளுத்துப் போகும். அப்போது அன்னாட்டோ விதைச் சாயம் சேர்ப்பார்கள். அதற்கு வரி கிடையாது.

மாட்டிலிருந்து பருத்திக்கொட்டைக்கு

இதற்கிடையே ஆய்வுக்கூடத்தில் ஒரு மாற்றம் நடந்தது. 1902ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன், திரவமாக இருக்கும் எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இனி மாட்டுக்கொழுப்பு தேவையில்லை. பருத்திக்கொட்டை எண்ணெயும் சோயா எண்ணெயும் போதும்.

இது அரசியலையும் மாற்றியது. 1930களில் அமெரிக்க மார்ஜரினில் இறக்குமதித் தேங்காய் எண்ணெய் போய், உள்ளூர் பருத்திக்கொட்டை எண்ணெயும் சோயா எண்ணெயும் வந்தன. உடனே தென் மாநிலப் பருத்தி விவசாயிகள் மார்ஜரின் பக்கம் சேர்ந்தார்கள். அதுவரை விவசாயி ஒரு பக்கம், தொழிற்சாலை மறு பக்கம் என்று இருந்த சண்டை, பால் விவசாயிக்கும் பருத்தி விவசாயிக்கும் இடையிலான சண்டையானது. இரண்டாம் உலகப்போரில் வெண்ணெய்க்கு ரேஷன் வந்தபோது, வீட்டுப் பெண்கள் வெள்ளை மார்ஜரினையும் கூடவே வந்த சாயப் பொட்டலத்தையும் கையால் பிசைந்து மஞ்சளாக்கிக் கொண்டார்கள். அந்த எரிச்சல் எல்லா வீட்டிலும் இருந்தது. 1950ல் மத்திய வரி ஒழிந்தது. பால் மாநிலமான விஸ்கான்சின் மட்டும் 1967 வரை பிடிவாதம் பிடித்தது. அந்த ஊர்க்காரர்கள் பக்கத்து இல்லினாய்ஸுக்கு காரோட்டிப் போய் மஞ்சள் மார்ஜரின் வாங்கி வந்தார்கள். கனடாவின் கியூபெக்கில் இந்த நிறத் தடை 2008ல்தான் நீங்கியது.

டால்டாவும் நல்லெண்ணெயும்

அதே ஹைட்ரஜன் முறை இந்தியாவுக்கும் வந்தது. இங்கே அது வெண்ணெய்க்குப் பதிலாக அல்ல, நெய்க்குப் பதிலாக வந்தது. அதுதான் வனஸ்பதி. லீவர் நிறுவனத்தின் டால்டா 1937ல் வந்து, வனஸ்பதி என்றாலே டால்டா என்று ஆகிப்போனது. இங்கேயும் அதே பிரச்சனை. நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்றார்கள். காந்தியும் அதைக் கண்டித்தார். சாயம் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை இங்கேயும் எழுந்தது.

ஆனால் இந்தியா கண்டுபிடித்த வழி கொஞ்சம் புத்திசாலித்தனமானது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதித்தார்கள். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் சந்தேகப்பட்ட நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் ரோஜா நிறம் வந்துவிடும். இதற்கு பௌடுவின் சோதனை என்று பெயர். அமெரிக்க மாநிலங்கள் வாங்குபவன் தட்டில் பூசிய ரோஸ் நிறத்தை, இந்தியா சோதனைக் குழாய்க்குள் வைத்தது. வாங்குபவனுக்குத் தொல்லை இல்லை, கலப்படக்காரனுக்கு மட்டும்தான் தொல்லை.

யாரும் பார்க்காத ஆபத்து

இத்தனை சட்டங்களும் ஒரு கேள்வியைத்தான் கேட்டன. இது வெண்ணெயா, நெய்யா, போலியா? உள்ளே இருப்பது உடம்புக்கு என்ன செய்யும் என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை.

எண்ணெயில் ஹைட்ரஜனை முழுதாகச் செலுத்தாமல் பாதியில் நிறுத்தினால் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். 1990ல் ஹாலந்தின் மென்சிங்க், கட்டான் என்ற இரு ஆய்வாளர்கள், இந்தக் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்ல கொலஸ்ட்ராலை இறக்குகிறது என்று காட்டினார்கள். 2003ல் டென்மார்க் முதலில் கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்கா 2015ல் முடிவெடுத்து 2018ல் அமல்படுத்தத் தொடங்கியது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பு 2021ல் 3 சதவீதமாகவும், 2022ல் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது.

விலை குறைவு என்பதால் பல ஆண்டுகள் அதையே சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் சாதாரண மக்கள். வெண்ணெயை விட இதயத்துக்கு நல்லது என்று நம்பி மாறியவர்களும் உண்டு. அவர்களை எந்த மஞ்சள் நிறச் சட்டமும் காப்பாற்றவில்லை.

சரி, இன்று எதை எடுப்பது?

வரலாறு சொல்லும் பாடம் எளிது: முன்பக்கத்தை விட பின்பக்கத்தைப் படியுங்கள்.

1. "பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த" எண்ணெய் என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

2. பால் கூடாது என்றால் மார்ஜரின் என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். சிலவற்றில் பால் பொருட்கள் இருக்கும்.

3. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம் கொழுப்பு. கேக், பிஸ்கட் செய்ய அதே அளவு கொழுப்புள்ள கட்டி வகை வேண்டும். ரொட்டியில் தடவும் டப்பா வகைகள் பலவற்றில் தண்ணீர் அதிகம். பிஸ்கட் பரந்து போகும், வாணலியில் தெறிக்கும்.

4. இப்போது கட்டியாக்க பாமாயில், தேங்காய் எண்ணெய் சேர்க்கிறார்கள். இவற்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். "தாவரம்" என்று போட்டிருப்பதாலேயே தாராளமாகச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை.

5. தாளிக்கவும் வதக்கவும் இது எதுவுமே தேவையில்லை. சாதாரண எண்ணெயே போதும்.

நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதற்காக ஏற்கனவே எண்பது வருடம் சண்டை போட்டாகிவிட்டது!